குட்டிச் சொற்களோடு ஆறு வாரம்

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்து, பாதியில் திரும்பி வராமல், கல்லூரி வழியாக வெளியே வந்த முதல் ஆள் நான். அதுவும் ஆங்கில இலக்கியம். அன்னூர் பக்கம் எங்கள் ஊரில் யாருக்காவது மின்சார வாரியத்திலிருந்தோ பாங்கிலிருந்தோ ஆங்கிலத்தில் கடிதம் வந்தால் நேராக என்னிடம்தான் வரும். நானும் ஒருமுறை படித்து, கொஞ்ச நேரம் கூரை ஓட்டைப் பார்த்து யோசித்து, அர்த்தம் சொல்வேன். அந்தக் கடிதங்களின் ஆங்கிலம் எனக்கு நன்றாகப் புரிந்தது. கல்லூரியில் நான் படித்ததும் அதே மாதிரி வெள்ளை வேட்டி கட்டிய ஆங்கிலம்தான். ஒவ்வொரு சொல்லும் நாலு எட்டு வைத்து நடக்கிற நீளம் இருக்கும். அகராதியில் தேடினால் ஒழுங்காக ஒரே ஒரு அர்த்தத்தோடு உட்கார்ந்திருக்கும்.

அதனால்தான் கோயமுத்தூர் கணபதியில் ஒரு பட்டறைக்கு ஆங்கிலம் பேசும் ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டதும் துணிந்து போனேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. தண்ணீர் மோட்டாருக்கு இரும்பில் வார்ப்புக்கூடு செய்கிற பட்டறை. இங்கிலாந்தில் ஒரு கம்பெனி மாதிரிக்குக் கொஞ்சம் வாங்கிப் பார்த்திருந்தது. கூட்டுக்குள் தண்ணீரை அழுத்தி விட்டால் இரும்பின் மேனி வியர்ப்பதுபோல் கசிகிறது என்று அவர்கள் புகார். அதைச் சரி செய்ய அங்கிருந்தே ஒரு இன்ஜினியர் ஆறு வாரத்துக்கு வருகிறார். பட்டறையில் நாற்பது பேர் வேலை செய்தார்கள். அதில் ஒருவருக்கும் ஆங்கிலம் தெரியாது.

முதலாளி என்னை நேர்முகம் கண்டது கை கழுவிக்கொண்டே.

"இங்கிலீசு பேசுவீங்களா தம்பி?"

"பேசுவனுங்க."

"வெள்ளைக்காரரு பேசுனாப் புரியுமுங்களா?"

"புரியுமுங்க" என்றேன். அதுவரை ஒரு வெள்ளைக்காரரையும் நான் பக்கத்தில் நின்று பார்த்ததில்லை.

ஒப்பந்தம் எளிமையானது. வந்தவர் மனசு நிறைந்து ஊருக்குத் திரும்பினால் எனக்குப் பட்டறையில் நிரந்தர வேலை. இல்லாவிட்டால் ஆறு வாரத்தோடு சரி. வீட்டில் அப்பாவும் அதே ஆறு வாரத்தைத்தான் கணக்கு வைத்திருந்தார். ஈரோட்டில் மாமா மஞ்சள் மண்டி வைத்திருந்தார். ஏலத்தின்போது கூட நிற்க நம்பிக்கையான ஆள் வேண்டும் என்று பொங்கலிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். நெரந்தரமானா இரு, ஆகலைன்னா மாமன்கூடப் போய் நின்னுக்க என்று அப்பா சொல்லிவிட்டார். மஞ்சள் மேல் எனக்கு ஒரு விரோதமும் இல்லை. ஆனால் அத்தனை வருடம் படித்ததைப் பயன்படுத்தி ஒரு நாற்காலியில் உட்கார முடியுமா என்று பார்த்துவிட எனக்கு ஆசை. அந்த நாற்காலி இந்த ஆறு வாரத்துக்கு அந்தப் பக்கம் இருந்தது.

இன்ஜினியர் வந்தார். ஐம்பது வயதிருக்கும். நல்ல உயரம், வெயில் பட்டுச் சிவந்த காது, முழங்கால் வரைக்கும் வந்த காக்கி டவுசர். பட்டறையில் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டு வட்டமாக நின்றார்கள். முதலாளி மாலை போட்டார். அவர் மாலையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்த்துச் சிரித்து, ஒரு வாக்கியம் சொன்னார்:

"ரைட், ஐ ஆம் லுக்கிங் ஃபார்வர்ட் டு கெட்டிங் ஆன் வித் இட்."

எனக்கு ஒவ்வொரு சொல்லும் தெரியும். லுக் என்றால் பார். ஃபார்வர்ட் என்றால் முன்னால். கெட் என்றால் பெறு. ஆன் என்றால் மேலே. வித், இட் எல்லாம் ஆறாம் வகுப்பில் படித்தது. ஒரு சொல்கூட இரண்டு எட்டைத் தாண்டவில்லை. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தேன், விடை வரவில்லை. நாற்பது முகம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

"முன்னால பாத்துக்கிட்டு, எதையோ கையில எடுத்துக்கிட்டு, மேல ஏறோணுமாமுங்க" என்றேன்.

முதலாளி கெட்டிக்காரர். யோசிக்கவே இல்லை. "மேலதான? மேஸ்திரி, அந்த ஏணியக் கொண்டாங்க" என்றார். இரும்பை உருக்கும் உலைக்கு மேலே, கரியும் பழைய இரும்பும் கொட்டுகிற மேடை ஒன்று உண்டு. அதற்கு ஏணியைச் சாத்தினார்கள். வந்தவர் ஏணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு மாலையைக் கையில் பிடித்தபடியே பதனமாக ஏறினார். மேலே நின்று கணபதியைச் சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தார். கீழே இருந்தவர்களுக்குக் கையசைத்தார். நாங்களும் அசைத்தோம். இறங்கி வந்தார். விருந்தாளியை உலை மேல் ஏற்றி ஊரைக் காட்டுவது எங்கள் பக்கத்து மரியாதை என்று நினைத்தாராம். ரொம்ப நாள் கழித்துத்தான் சொன்னார். அவர் உண்மையில் சொன்னது இவ்வளவுதான்: வேலையைத் தொடங்க ஆவலாக இருக்கிறேன்.

அன்று சாயங்காலமே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன்.

அவர் பேச்சு முழுக்க இந்தக் குட்டிச் சொற்கள்தான். சகித்துக்கொள்வதற்கு நான் 'டாலரேட்' படித்திருந்தேன். அவர் 'புட் அப் வித்' என்பார். நான் 'எக்ஸாஸ்ட்' படித்திருந்தேன். ஜெனரேட்டருக்கு டீசல் தீர்ந்தபோது அவர் 'ரன் அவுட் ஆஃப்' என்றார். மதியச் சாப்பாட்டில் மிளகாய் அளவு குறைய வேண்டும் என்பதற்கு 'ரெட்யூஸ்' என்று ஒரு அருமையான சொல் இருக்கும்போது, கண்ணில் தண்ணீரோடு 'கட் டவுன் ஆன்' என்று கேட்டார். ஒரு வேலையைத் தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டுக் கடைசியில் கை வைப்பதற்கு 'கெட் ரவுண்ட் டு'. புதிதாக ஒரு யோசனை தோன்றினால் 'கம் அப் வித்'. நான் படித்த பெரிய சொற்கள் அவருக்குத் தெரியாமல் இல்லை. நான் அவற்றைப் போட்டுப் பேசினால் நிமிர்ந்து உட்கார்ந்துகொள்வார். என்ன சார் என்றால், கோர்ட்டில் நிற்கிற மாதிரி இருக்கிறது என்பார்.

நோட்டில் எழுத எழுத எனக்கு ஒன்று பிடிபட்டது. மூன்று சொல்லில் முதல் சொல் சும்மா ஆள் மாதிரி நிற்கிறது. இரண்டாவது அதன் முகத்தை ஏதோ ஒரு பக்கம் திருப்புகிறது. மூன்றாவது கையை நீட்டி, அடுத்து வரும் பொருளைப் பிடித்துக்கொள்கிறது. அந்தக் கையை விட்டால் வாக்கியம் குப்புற விழும். 'புட் அப்' என்று நிறுத்திவிட்டால் அது வேறு என்னவோ. 'வித்' என்று கை நீட்டிய பிறகுதான் சகித்துக்கொள்வது. ஆனால் ஏன் 'அப்'? சகிப்பதில் மேலே போவது என்ன இருக்கிறது? ஒருநாள் அவரிடமே கேட்டேன். பாதி உரித்த வாழைப்பழத்தோடு அப்படியே நின்றுவிட்டார். மறுநாள் காலையில் வந்து, நேற்று வீட்டுக்குப் போன் செய்தேன், என் மனைவிக்கும் தெரியவில்லை என்றார்.

பதிலுக்கு அவரும் என்னை ஒன்று கேட்டார். பட்டறையில் எல்லோரும் எதற்கெடுத்தாலும் 'போட்டு' என்கிறார்களே, அது என்ன? வந்துபோட்டு, தின்னுபோட்டு, தூங்கிப்போட்டு. நான் 'புட், சார்' என்றேன். எதைப் போடுகிறீர்கள், எங்கே போடுகிறீர்கள் என்றார். எதையும் எங்கும் போடுவதில்லை சார், சும்மா சேர்த்துச் சொல்வது என்றேன். அவர் என் தோளைத் தட்டிச் சிரித்தார். அன்றிலிருந்து எங்களுக்குள் ஒரு ஒட்டுதல் வந்துவிட்டது. அவர் 'தேங்க்யூங்க' சொல்லப் பழகினார். டீக்கடைக்காரர் அவரைப் பார்த்தாலே இரண்டு டம்ளர் சேர்த்துக் கழுவுவார்.

பட்டறையில் மணல் கரு பிடிக்கும் பகுதியில் பெண்கள் வேலை செய்தார்கள். வார்ப்புக்கூட்டின் உள்ளே இருக்கும் பொந்துக்குத்தான் கரு; கெட்டியான மணலில் பொந்தின் வடிவத்திலேயே செய்து, அச்சுக்குள் வைப்பார்கள். அங்கே மூத்தவராக ஒரு அக்கா இருந்தார். அவர் வாய்க்கு முதலாளியே ஒதுங்கிப் போவார்.

"ஏங்கண்ணு, அவரு அவ்வளவு நேரம் பேசறாரு. நீ 'சீக்கிரம் வேணுமாமா'ன்னு ஒரே வாயில முடிச்சுப்போடற. மிச்சத்தயெல்லாம் நீயே வெச்சுக்கறயா?"

மிச்சமெல்லாம் குட்டிச் சொல்லுங்கக்கா, உடைத்துப் பார்த்தால் உள்ளே ஒன்றும் இல்லை என்றேன். அந்தம்மா நம்பவில்லை.

மூன்றாம் வாரக் கடைசியில் கசிவுக்குக் காரணம் கிடைத்தது. உருகின இரும்பை ஊற்றும்போது உள்ளே இருக்கும் மணல் கரு கொஞ்சம் நகர்ந்துவிடுகிறது. அதனால் கூட்டின் சுவர் ஒரு பக்கம் தடியாகவும் இன்னொரு பக்கம் மெலிந்தும் போகிறது. மெலிந்த பக்கம் கசிகிறது. கரு நகராமல் உட்கார இடம் அகலமாக வேண்டும். அதற்கு, அச்சு எடுக்கிற மரப் பேட்டர்னையே புதிதாகச் செதுக்க வேண்டும். இதைக் கண்டுபிடித்த அன்று அவர் குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டார். மேஸ்திரியைக் கூப்பிட்டுக் கேட்டார்: பத்து நாளில் புதுப் பேட்டர்ன் செய்ய முடியுமா? முடிந்தால் நான் இருக்கும்போதே வார்த்துப் பார்த்து, கண்ணால் கண்டு, நிம்மதியாகப் போவேன்.

மேஸ்திரி பிடரியைச் சொறிந்தார். கூரைத் தகரத்தைப் பார்த்தார். "பண்ணிப்போடலாமுங்க" என்றார்.

கரு பிடிக்கும் அக்கா சிரிப்பை மறைக்க முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கும் புரிந்தது. எங்கள் பக்கம் பிறந்த எந்தக் குழந்தைக்கும் புரியும். விருந்தாளியை நாங்கள் ஒறம்பரை என்போம். ஒறம்பரை என்று ஒருவர் வீடு தேடி வந்து, முகத்துக்கு நேராக ஒன்று கேட்டால், முடியாது என்று சொல்லுவது எங்கள் பழக்கத்தில் கிடையாது. சாப்பிட்டுப் போங்கள் என்றால் வேண்டாம் என்று சொல்வதில்லை. ஆகட்டுமுங்க, இன்னொரு நாளைக்கு வந்தாப் போச்சு என்போம். கேட்டவரும் அந்த இன்னொரு நாளுக்காக அரிசி ஊறப் போடுவதில்லை. சொல்கிறவர், கேட்கிறவர் இரண்டு பேருக்கும் தெரியும். அதனால் அது பொய்யும் இல்லை.

ஆனால் இந்த ஒறம்பரை கடல் தாண்டி வந்தவர். அவருக்கு எப்படித் தெரியும்? அதைச் சொல்லத்தான் என்னை வைத்திருந்தார்கள். நான் "யெஸ் சார், இட் கேன் பி டன்" என்றேன். சொல்லுக்குச் சொல் சரியான மொழிபெயர்ப்பு. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் முகம் நிறைந்திருந்தது; அந்த முகத்தோடு அவர் ஊருக்குப் போனால் நான் நிரந்தரம். அதைக் கலைக்க எனக்கு மனம் வரவில்லை.

அவர் காலண்டரில் தேதியைச் சிவப்பு மையால் சுழித்தார். ஊருக்கு ஃபேக்ஸ் அனுப்பினார். தினமும் காலையில் வந்ததும் 'கெட்டிங் ஆன் வித் இட்' என்று போட்டு, வேலை எப்படிப் போகிறது என்று கேட்பார். நான் மேஸ்திரியைப் பார்ப்பேன். "ஆயிட்டே இருக்குதுங்க" என்பார் மேஸ்திரி. "தே ஆர் கெட்டிங் ஆன் வித் இட், சார்" என்பேன் நான். முதல் நாள் அவரை ஏணியில் ஏற்றிய அதே சொற்கள். இப்போது தடங்கல் இல்லாமல் வந்தன. எனக்கு வெட்கத்தோடு கொஞ்சம் பெருமையும் இருந்தது. அவர் பாஷையை அவர் மாதிரியே பேசப் பேச, அவர் என்னை இன்னும் அதிகமாக நம்பினார்.

எட்டாம் நாள், பேட்டர்ன் செய்யும் இடத்தை ஒரு எட்டு பார்த்துவிட்டு வரலாம் என்றார். அது இரண்டு தெரு தள்ளி ஒரு ஆசாரியின் கொட்டகை. டீ குடிச்சுப்போட்டுப் போலாமுங்க என்று மேஸ்திரி மூன்று முறை சொல்லிப் பார்த்தார். அவர் குடித்துவிட்டும் கிளம்பினார். நானும் கூடவே போனேன். மேஸ்திரி வரவில்லை.

கொட்டகையில் ஆசாரி மும்முரமாக ஒரு கதவு செய்துகொண்டிருந்தார். யாரோ வீட்டுக்குப் புதுமனை புகுவிழா. மயிலும் கொடியுமாக அழகான கதவு. நம் பேட்டர்னுக்கான தேக்குப் பலகை சுவரில் சாய்ந்து நின்றது. அதன் மேல் பென்சில் கோடு மட்டும் இருந்தது. ஆசாரி எழுந்து முக்காலி போட்டார். பையனை அனுப்பிக் குடிக்கக் கலர் வாங்கிவரச் சொன்னார். இன்ஜினியர் உட்கார்ந்து, கலரைக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார். பாட்டிலைத் தரையில் வைத்தார். பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னார். இந்த வெயிலை நான் புட் அப் வித். கரண்ட் போவதை புட் அப் வித். மிளகாய், கொசு, அந்த ஏணி, எல்லாவற்றையும் புட் அப் வித். ஆனால் இதை முடியவில்லை. எட்டு நாளாக எல்லோரும் ஆகும் ஆகும் என்று சொன்னதை.

அவர் குரலை உயர்த்தவில்லை. "டிட் யூ நோ?" என்றார். உனக்குத் தெரியுமா?

மேஸ்திரி அப்படிச் சொன்னார் சார், நான் அதைத்தான் சொன்னேன் என்றால் போதும். மேஸ்திரி அங்கே இல்லை. அதில் பொய்யும் இல்லை. அந்த வாக்கியம் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. சொன்னால் என் வேலை பிழைத்துவிடும். சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"தெரியும் சார். முதல் நாளே தெரியும்" என்று வந்தது.

ஏன் என்று கேட்டார். அந்த நேரம் பார்த்து ஒரு குட்டிச் சொல்லும் வரவில்லை. கல்லூரி ஆங்கிலம்தான் வந்தது. விருந்தினரிடம் மறுப்புத் தெரிவிப்பது எங்கள் பகுதியில் மரியாதைக் குறைவாகக் கருதப்படுகிறது சார் என்று கோர்ட்டில் சொல்வதுபோல் சொன்னேன். அவர் அதை உள்ளே வாங்கிக்கொள்ள நேரம் எடுத்துக்கொண்டார். அப்படியானால் எல்லோரும் என்மேல் அன்பாக இருந்திருக்கிறார்கள், இல்லையா என்றார். ஆமாம் சார் என்றேன்.

நீயுமா என்றார்.

இல்லை சார், நான் வேலைக்குப் பயந்து சொன்னேன் என்றேன்.

அவர் எழுந்து போய் ஆசாரியின் கதவைத் தடவிப் பார்த்தார். நன்றாக இருக்கிறது என்று அவரிடம் சொல்லச் சொன்னார். திரும்பி வரும் வழியில், நாளையிலிருந்து அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்பதை என்னிடம் சொல்லாதே, என்ன நினைக்கிறார்கள் என்பதைச் சொல் என்றார்.

மேஸ்திரியிடம் நடந்ததைச் சொன்னேன். கோபிப்பார் என்று நினைத்தேன்; பாரம் இறங்கினவர் மாதிரி உட்கார்ந்தார். "சொல்லிப்போட்டீங்களா தம்பி? செரி, உடுங்க. அத்தன தொலவுல இருந்து ஒரு பெரிய மனுசன் வந்து கேக்கறாரு. மூஞ்சிக்கு நேரா ஆகாதுன்னு எப்புடீங்க சொல்றது?" உண்மையாக எத்தனை நாள் ஆகும் என்று கேட்டேன். கரண்ட் ஒழுங்காக இருந்து, ஆசாரி வேறு வேலை எடுக்காமல் இருந்தால் இருபத்தைந்து நாள் என்றார். அதற்குள் இன்ஜினியரின் விமானம் போய்விடும். நான் போய் இருபத்தைந்து என்று சொன்னதும், அவர் காலண்டரில் இருந்த சிவப்புச் சுழியின் மேல் ஒரு கோடு போட்டார். ஊருக்கு இன்னொரு ஃபேக்ஸ் போயிற்று.

அதன் பிறகு வேலை நன்றாகத்தான் போனது. தான் இல்லாதபோது கூட்டை எப்படிச் சோதிப்பது, எங்கே அளவு எடுப்பது என்று மேஸ்திரிக்கு ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தார். மேஸ்திரி ஒரு வார்த்தை சொல்ல, நான் இன்ஜினியருக்கு அதன் பின்புலமெல்லாம் சேர்த்து விளக்கினேன். முன்னாடி அவரு பேசினத இவன் சுருக்கினான், இப்ப நம்ம பேசினத நீட்டறான் என்றார் கரு பிடிக்கும் அக்கா.

முதலாளிக்கு விஷயம் இங்கிலாந்திலிருந்து திரும்பி வந்த ஃபேக்ஸ் மூலம் தெரிந்தது. அதையும் நான்தான் படித்துக் காட்ட வேண்டியிருந்தது. அவர் திட்டவில்லை. எங்கள் பக்கம் கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும்.

"ஏனுங்க தம்பிங்க, உங்கள நான் எதுக்குங்க வெச்சனுங்க?"

"அவரு பேசறதத் தமிழ்லயும், நம்ம பேசறத இங்கிலீசுலயும் சொல்றதுக்குங்க."

"பேசறததானுங்க? மனசுல இருக்கறதச் சொல்லச் சொன்னனுங்களா?"

அவர் மேசை மேல் இருந்த ஃபேக்ஸை மடித்து மடித்து ஒரு தீப்பெட்டி அளவுக்குக் கொண்டுவந்துவிட்டார். அன்று இரவே மாமாவுக்குச் சொல்லி அனுப்பிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

ஆறாம் வாரக் கடைசி நாள். பட்டறைக்கு நடுவில் மேசை போட்டு, கேசரியும் வடையும் வைத்து, முதலாளி அவருக்குப் பொன்னாடை போர்த்தினார். நாற்பது பேரும் சுற்றி நின்றார்கள். இன்ஜினியர் ஒவ்வொருவருக்கும் கை கொடுத்தார். முதலாளியிடம் வந்ததும், கையை விடாமலே என்னைப் பார்த்தபடி கேட்டார்:

"ஆர் யூ கோயிங் டு கீப் ஹிம் ஆன்?"

கீப் என்றால் வைத்திரு. அதோடு ஒரு 'ஆன்' சேர்ந்தால், வேலையை விட்டு அனுப்பாமல் தொடர்ந்து வைத்திரு. நோட்டில் இல்லாத ஒன்று; ஆனால் கேட்ட நொடியே புரிந்தது. என்னைப் பற்றிய கேள்வியை நானே மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. "இந்தப் பையன வேலையில தொடர்ந்து வெச்சுக்குவீங்களான்னு கேக்கறாருங்க" என்றேன்.

முதலாளி வாய் நிறையச் சிரித்தார். இன்ஜினியர் தோளில் இருந்த பொன்னாடையைச் சரி செய்தார்.

"பாக்கலாமுங்க" என்றார்.

கரு பிடிக்கும் அக்கா வடையை வாய்க்குக் கொண்டுபோகாமல் நிறுத்தினார். மேஸ்திரி கூரையைப் பார்த்தார். இன்ஜினியர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. என்ன நினைக்கிறார் என்பதுதான் அவர் கேள்வி; அது எனக்குத் தெரியுமே.

"பார்க்கலாம் என்கிறார் சார். இல்லை என்று அர்த்தம்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

முதலாளிக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் 'நோ' எல்லோருக்கும் தெரியும்.

"நான் எப்பங்க தம்பி நோன்னு சொன்னேன்?"

"நீங்க சொல்லலீங்க. ஆனா அதானுங்களே?"

முதலாளி தோளில் இருந்த துண்டை எடுத்து, உதறி, மறுபடியும் போட்டுக்கொண்டார்.

"ஆமாங்க" என்றார். "அதான். அவரு போனப்பறம் இங்கிலீசுக்கு இங்க என்னுங்க வேலை இருக்குது? வாரம் ஒரு ஃபேக்ஸ் வரும். அதப் படிக்கறதுக்கு ஒரு ஆளுங்களா?"

ஆறு வாரத்தில் அவர் என்னிடம் சொன்ன முதல் நேரான பதில் அது. நேராக வந்ததால் அதற்குப் பதில் சொல்ல எனக்கு இடம் இருந்தது. பாக்கலாமுங்க என்பதற்கு யார் என்ன பதில் சொல்ல முடியும்?

"படிக்கறதுக்கு வேண்டாமுங்க. இனி அவங்க தேதி கேட்டு எழுதுவாங்க. நீங்க ஆகும்பீங்க. மேஸ்திரியும் ஆகும்பாரு. ஆகாதுன்னா ஆகாதுன்னு எழுதறதுக்கு இங்க ஆரு இருக்கறாங்க?"

முதலில் சிரித்தது அந்த அக்காதான். பிறகு மேஸ்திரி, பிறகு எல்லோரும். என்ன என்று இன்ஜினியர் கேட்டார். ஒன்று விடாமல் சொன்னேன். அவர் தலையாட்டி, அப்படி ஒரு ஆள் இருக்கும் பட்டறைக்குத்தான் நான் தைரியமாக ஆர்டர் எழுத முடியும் என்றார். அதையும் முதலாளிக்குச் சொன்னேன். என் வாயாலேயே என்னைப் பற்றிச் சொல்லக் கூச்சமாக இருந்தது, ஆனால் விட்டுவிடவில்லை.

"முடியாதுன்னு சொல்றதுக்கு ஒரு ஆள வேலைக்கு வெச்சவன் கோயமுத்தூர்லயே நான் ஒருத்தன்தானாட்ட இருக்குது" என்றார் முதலாளி. அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "செரி, இருந்துக்குங்க. ஆனா ஒண்ணுங்க தம்பி. ஆகாதுன்னு எழுதறதுக்கு முன்னால ஊட்ல எல்லாரும் சௌக்கியமான்னு ரண்டு வரி கேட்டுப்போட்டு அப்பறம் எழுதுங்க. எடுத்த எடுப்புல அடிச்சுப்போடாதீங்க."

"நெரந்தரமுங்களா?" என்று அத்தனை பேர் முன்னால் கேட்டேன். பெரியவர்களிடம் அப்படி நேராக ஒன்றை நான் அதற்கு முன் கேட்டதே இல்லை.

"நெரந்தரமுங்க."

என்ன சொன்னார் என்று இன்ஜினியர் கேட்டார். சரி என்று சொல்லிவிட்டார் சார் என்றேன்.

"சொன்னது சரி. நினைப்பது என்ன?" என்றார்.

நான் திரும்பி முதலாளியின் முகத்தைப் பார்த்தேன். கூரைப் பக்கம் கண் போகவில்லை, கை பிடரிக்குப் போகவில்லை. ஒரு வடையை எடுத்துப் பாதியைக் கடித்துக்கொண்டு, ஆசாரி எங்கே இன்னும் வரவில்லை, அந்தப் பேட்டர்ன் என்ன ஆச்சு, தம்பி நீங்களே ஒரு எட்டுப் போய்க் கேட்டு வாங்க என்று எனக்கு வேலை சொல்ல ஆரம்பித்திருந்தார்.

"அதேதான் நினைக்கிறார் சார்" என்று சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.